கிழக்கே கடல்

அரசிதழில் எங்கள் வார்டு நான்கு வரிதான்.
வடக்கே கொசஸ்தலையாறு.
மேற்கே பக்கிங்காம் கால்வாய்.
தெற்கே நிலக்கரி ரயில் போகும் தண்டவாளம்.
கிழக்கே வங்காள விரிகுடா.
சாம்பல் குடித்து ஆறு மெலிந்துவிட்டது,
ஆனாலும் ஊரைவிட்டுப் போகவில்லை.
கால்வாய் நகராது, அதற்குத் தெம்பில்லை.
கிழக்குதான்
வருஷத்துக்கு ஒரு சந்து உள்ளே வருகிறது.

நான் இங்கே வரி வசூலிப்பவன்.
கையில் பதிவேடு, பையில் முப்பது மீட்டர் டேப்,
மதியத்துக்குள் காலரில் ஒரு கரிக்கோடு.
கதவு எண் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும்
படகுக்காரர்கள் முதல் தெரு.
இரண்டாம் தெருவில் பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரன்கள்,
அத்தோ கடை லைசென்ஸைப் புதுப்பிக்காதவர்கள்.
மூன்றாம் தெரு முனையில் தகரக் கொட்டகை,
ஒடிசாப் பையன்கள் பதினாறு பேர்,
எந்தக் கணக்கிலும் வராத பதினாறு சோற்றுத்தட்டு.
நான்காம் தெரு
பதிவேட்டில் இருக்கிறது.

நீக்குவதற்குக் காரணம் எழுத வேண்டும்.
இடிந்தது. காலி மனை. இரட்டைப் பதிவு.
கடல் என்று ஒரு கட்டம் இல்லை.
மண்டல அலுவலகத்தில் கேட்டேன்.
"இதரன்னு போடுய்யா, எல்லாரும் அதான் போடுறான்."
இருபத்தேழு வீடுகளை இதர என்று எழுதப்
பேனா தயங்கவில்லை.
நான்தான் நடுவில் எழுந்துபோய் டீ குடித்து வந்தேன்.

இருபத்தெட்டாவது வீட்டை எழுத முடியவில்லை.
ஏகவல்லி
அரையாண்டுக்கு ஒருமுறை வார்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறாள்,
மீன்கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு.
எண் பதினாலு, நான்காம் தெரு.
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய், ஈர நோட்டாக.
கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்காமல் ரசீது தருகிறது.
ஒருமுறை தாமதக் கட்டணம் பத்து ரூபாய் சேர்த்துக் கேட்டது.
"ஊட்ட வாரினு போவ சொல்ல
அது சொல்லிட்டா வந்துச்சு? எனுக்கு மட்டும் தேதியா?"
என்றாள். கட்டினாள்.
ரசீது இருந்தால் விலாசம் இருக்கும்.
விலாசம் இருந்தால்
ஊரின் அந்தக் கோடியில் எட்டாவது மாடிக்கு
லாரியில் ஏற்ற முடியாது.
இது அவள் கணக்கு. தப்பென்று
இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

மாசியில் பகுதி சபை கூடியது.
தண்ணீர் லாரி, கொசு, மூடியில்லாத சாக்கடை,
ராத்திரியில் வரும் அந்த அமோனியா வாடை.
எல்லாம் எழுதி முடித்த பிறகு அவள் எழுந்தாள்:
"நாலாந்தெருவுல வெளக்கு எரியல."
சிரிப்பு நாற்காலி நாற்காலியாகப் பரவியது.
உதவிப் பொறியாளர் மட்டும் போனில் தேடிப் பார்த்தார்.
கம்பம் இருந்தது. எண்ணும் இருந்தது.
பழுது நீக்கப்பட்டது என்று
போன மாதத் தேதியோடு இருந்தது.
மாமன்ற உறுப்பினர் அமலோற்பவம் சிரிக்கவில்லை.
எண் ஒன்பது அவர் பிறந்த வீடு.

இப்போது மறு அளவீடு. கட்டடப் பரப்பு, சதுர அடியில்.
பங்குனியில் கடல் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது.
"வா, காட்டறேன்" என்று
புடவையை முட்டிவரை செருகிக்கொண்டு முன்னால் போனாள்.
கொட்டிய பாறைகளைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி
(அதில் ஒரு கட்டுமரம் கட்டியிருந்தது),
பாசி பிடித்த ஒரு சிமெண்ட் மேடையில் ஏறி நின்றாள்.
"இது அடுப்பாங்கர. அந்தாண்ட கூடம்.
கூடத்த வுட்டுட்டு அளக்காத."
டேப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன்.
நண்டு ஒன்று எண்களின் மேல் ஏறி இறங்கியது.
நான்கு மீட்டர். ஒன்பது. பதினைந்து.
இடுப்பளவுத் தண்ணீரில்
கதவைத் திறப்பதுபோல் ஒரு கையை நீட்டியபடி
இன்னும் நடக்கிறாள்.
படிவத்தில் கிழக்கு எல்லைக்கான இடம் காலியாக இருக்கிறது.
டேப் முப்பது மீட்டர்தான்.