இடது இறக்கை, பதினொன்றாம் இடம்

விமானம் என்றுதான் இதைச் சொல்கிறார்கள்.
டிராக்டருக்கு இருபுறமும் இரும்பு இறக்கை,
இறக்கைக்குப் பதினாறு பேர்
குப்புறப் படுத்திருக்கிறோம்.
மணிக்கு முந்நூறு மீட்டர்.
இதுவரை ஒருமுறைகூட மேலெழும்பியதில்லை.

வஸ்லுயிலிருந்து இரண்டு நாள் பேருந்தில் வந்து
இந்த இறக்கையில் ஏறினேன்.
என் முகத்துக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண்.
விடியலில் ஷ்ப்ரே ஆற்றின் கால்வாய்களைவிட்டு
மூடுபனி எழுந்து வந்து வயலில் உட்காரும்.
சுணைக் கொடியை விலக்கு,
சுண்டுவிரல் நீளமா, பறி.
நடுவிரலைத் தாண்டியதா, அரைவிலை.

பத்தாம் இடத்தில் ஸெனோவியா,
தூக்கம் வராமலிருக்கக் கணவனைத் திட்டுகிறாள்.
பன்னிரண்டில் புதுப்பையன்.
நிலம் நகர்வதையே பார்த்து
முதல் நாள் வாந்தி எடுத்தவன்.

ஜூலை பாதியில் ஓர் இலையில் மஞ்சள்.
வட்டமாக இல்லை.
நரம்பு போட்ட கோட்டைத் தாண்டாமல்
கட்டம் கட்டமாக,
அளந்து கல் நட்ட மனைபோல.
புரட்டினேன்.
அடியில் ஊதாச் சாம்பல், எலிக்குஞ்சின் முதுகு மாதிரி.
ஊதினேன்.
அது பறந்தது.

எங்கள் மொழியில் இதற்குப் பெயர் மனா.
பாலைவனத்தில் பசித்தவர்களுக்கு
வானத்திலிருந்து விழுந்ததே மன்னா, அதே சொல்.
பால் கெட்டியாவதும் வயல் விளைவதும் மனா,
திராட்சை கருகுவதும் வெள்ளரி சாவதும் மனா.
மேலிருந்து வருவது எதுவானாலும்
ஒரே பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள் போல.

இங்கே இது பொய்யான மாவுப்பனி.
மெய்யானது இலைக்கு மேலே வெள்ளையாய்ப் பூக்குமாம்,
இது அடியில் ஒளிவதால் பொய்.
படித்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்:
இது பூஞ்சையே இல்லை,
நீர்ப்பாசிக்கு ஏதோ தூரத்து உறவு.

டிராக்டரில் நிமிர்ந்திருக்கும் யூரிஷுக்கு
வயல் முழுக்கப் பச்சை.
அடிப்பக்கம் பார்ப்பது
படுத்துக் கிடக்கும் முப்பத்திரண்டு பேர்தான்.
ஆனால் எனக்குக் கூலி காய்க்கு.
இலைக்குக் காசில்லை.

சொன்னால் மருந்தடிப்பார்கள்.
மூன்று நாள் வயலில் கால் வைக்கக்கூடாது.
மூன்று நாள் கூலி என்பது
ஸெனோவியா மகனின் பல்லுக்குக் கம்பி.
சொல்லாவிட்டால் பத்தே நாளில் இலையெல்லாம்
சுட்ட காகிதமாய்ச் சுருளும்.
காய்க்கு நோய் வராது, அதுதான் வேடிக்கை.
நிழல் போன இடத்தில்
வெயிலில் வெளுத்துக் கிடக்கும், அவ்வளவே.
ஆகஸ்ட் இருக்காது.

ஸெனோவியா திட்டுவதை நிறுத்தியிருந்தாள்.
'எத்தனை?'
'நாலு.'
'எனக்கு ஏழு. நேற்று.'

நேற்று.

வரிசை முடிந்து டிராக்டர் திரும்பியது.
திரும்பும்போது மட்டும்
இறக்கையின் நுனிப்பக்கம் வேகம் கூடும்.
பதினொன்றில் அது கொஞ்சம் தெரியும்,
வயிறு ஒரு கணம் லேசாகும்.
அந்தக் கணத்தில் இலையைக் காம்போடு கிள்ளி
பெல்ட்டில் வைத்தேன்,
அடிப்பக்கம் மேலே தெரிய.
காய்களோடு காயாய் அது போனது
யூரிஷின் முதுகை நோக்கி.

பத்தாம் இடத்தில் ஒரு கை நீண்டது.
எடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.
சட்டைப் பையிலிருந்து,
ஒருநாள் முழுக்கச் சுமந்து வாடிப்போன ஒன்றை
அதன் பக்கத்தில் வைத்தாள்.