விலையைப் பாதிக்காத அம்சம்

டொலீடோ குடும்ப நீதிமன்றம் அனுப்பிய
பழுப்பு உறைக்குள் ஒரு காட்ரிட்ஜ்.
வழக்கு எண் இருந்தது. ஆட்டத்தின் பெயர் இல்லை.
முன்பக்கம் மாஸ்க்கிங் டேப், அதில் பென்சிலால்
‘படகு 4. யாருக்கும் காட்டாதே. ஏப்ரல்.’

கணவர் லைல் பிராண்ட் சொல்கிறார்:
சல்லிக்காசு பெறாது, கடைக்கே வராத ஆட்டம்.
மனைவி வீரா சொல்கிறார்:
பாதி வீடு பெறும்.
செய்தவர் அவர்.
அதற்கு விலை உண்டு என்று ஒற்றைக் காலில் நிற்பவர் இவர்.
இருபது ஆண்டாக மதிப்பிடுகிறேன்,
இப்படித் தலைகீழாய் ஒரு வழக்கு வந்ததில்லை.

முதலில் எடை. எழுபத்தொரு கிராம்.
பிறகு மோப்பம்.
தேநீரில் ஊறவைத்துப் பலகையைக் கிழடாக்கும்
ஆட்களை எனக்குத் தெரியும்;
அதில் ஒருவர் டிசம்பர்தோறும் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்.
இது தேநீர் இல்லை. பழைய சிகரெட்.
சிப்பின் முதுகில் பொறித்திருக்கிறது:
எண்பத்து மூன்று, ஒன்பதாம் வாரம்.
டேப்பில் ஏப்ரல். பொருந்துகிறது.
பிள்ளை பிறந்த பிறகுதானே பெயர் வைப்பார்கள்.

சிப்பின் நடுவில் நகமளவு கண்ணாடி ஜன்னல்,
அதை மூடி ஒரு வெள்ளிக் காகிதம்.
உரித்து வெயிலில் போட்டால் போதும்,
சில வாரங்களில் படகு, ஆறு, பாலம் எல்லாம் போய்
வெறும் ஒன்றுகள் மிஞ்சும்.
பத்தாண்டு தாங்கும் என்றுதான்
இந்தச் சிப்பைச் செய்தவர்களே சொன்னார்கள்.
நாற்பது தாண்டிவிட்டது.
மூன்று முறை படித்தேன்.
இரண்டு முறை ஒரே கூட்டுத்தொகை,
மூன்றாம் முறை ஒரு பிட் உதைத்தது.
காபி குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.
திரும்பி வந்திருந்தது,
எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்குச் சந்தை கிடையாது.
விலை ஏற இரண்டு பிடிவாதக்காரர்கள் போதும்.
அவர்கள் இப்போது
ஒரே கட்டடத்தில், வேறு வேறு மாடியில்,
வேறு வேறு வக்கீல்களோடு.
யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
இந்தத் தொழிலில் இறந்தால்தான் ஆயிரம் பொன்:
நிறுவனம் திவாலாகியிருக்க வேண்டும்,
ஆட்டம் முடியாமல் நின்றிருக்க வேண்டும்,
யாரோ ஒருவர் குப்பையில் போட மறந்திருக்க வேண்டும்.

ஆடிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.
வெளியே மௌமி ஆற்றில் பனிக்கட்டி,
திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆறு.
மூன்றாம் பாலத்தடியில் படகு எப்போதும் மூழ்குகிறது.
பிழையா, கஞ்சத்தனமா தெரியவில்லை.
பதினொரு முறை செத்தேன்.
ஒவ்வொரு முறையும் பட்டியல் வந்தது,
சிப்பிலேயே பதித்த பத்துப் பெயர்,
ஆளுக்கு மூன்றெழுத்து.
ஏழாவது இடத்தில் வி.இ.பி.

வழக்குக் கட்டைப் புரட்டினேன்.
வீரா இலெய்ன் பிராண்ட்.
திருமணத்துக்கு முன், புருயிட்.

லைலுக்குப் போன் செய்தேன்.
“முதலிடம் யார்?”
“என் நாய்.”
“ஏழாவது?”
கொஞ்ச நேரம் ஏதோ ஃபிரிட்ஜ் உறுமும் சத்தம் மட்டும்.
“அப்போது அவளைத் தெரிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.
அதற்கு மேலே போட்டால்
மேலாளர் கேள்வி கேட்பார்.”
பிறகு,
“இது அறிக்கையில் வர வேண்டுமா?”

பதினோராயிரம் முதல் பதினான்காயிரம் டாலர் வரை
என்று எழுதினேன்.
ஒன்பதாம் பத்தி:
முன்பே பதித்த மதிப்பெண் பட்டியல் உண்டு.
விலையைப் பாதிக்காத அம்சம்.
புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.
இரண்டு பிரதி. மாடிக்கு ஒன்று.

வெள்ளிக் காகிதத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன்.
கடைசி ஆட்டத்தில் பத்தாம் ஆளை முந்தி
என் மூன்றெழுத்தையும் போட்டிருந்தேன்.
மின்சாரத்தை அணைத்ததும்
அது என்னை மறந்துவிட்டது.