மக்ரோனியில் கல்பாசி

கொலம்பஸிலிருந்து வந்த ஒன்பதாம் நாள்
உமையாள் என்னிடம் வாய் திறந்தாள்.
அதுவரை மின்விசிறிதான் அவளோடு பேசிக்கொண்டிருந்தது,
மூன்றாம் எண்ணில், லேசாகத் தட்டித் தட்டி.

"மேக் அண்ட் சீஸ்."

அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வேலையை ஒரே மின்னஞ்சலில் முடித்துவிட்டார்களாம்,
காரை விற்ற பணம் டிக்கெட்டுக்குச் சரியாகப் போச்சாம்.
எல்லாம் ஆத்தாளிடம் சொன்னது.
எனக்குக் கிடைத்தது இந்த மூன்று சொல்.

புதுவயலில் அரிசி ஆலை இருக்கிறது,
உமி மலை இருக்கிறது, தவிட்டு லாரி இருக்கிறது,
ஆலைக்குக் கணக்கெழுதும் நான் இருக்கிறேன்.
சீஸ் இல்லை.
காரைக்குடிக்குப் பஸ் ஏறி
செகண்ட் பீட் பக்கம் ஒரு குளிர்ந்த கடையில் நின்றேன்.
"பீட்சாவுக்கா சார்?" என்றான் பையன்.
"மகளுக்கு" என்றேன்.

போனில் ஒருவன் செய்து காட்டினான்.
வெண்ணெய், மைதா, பால், விடாமல் கிண்டு.
தேர்தல் நேரத்தில் போஸ்டர் ஒட்டக்
காய்ச்சுகிற பக்குவம்தான்,
இதில் கொஞ்சம் சீஸ்.

நெல்லின் ஈரம் பார்க்க ஆலையில் மீட்டர் வந்து வருஷமாகிறது.
நான் இன்னும் பல்லில்தான்.
பதினாலு சதவீதம் என்று பல் சொன்னால்
மீட்டரும் கொஞ்சம் தயங்கிவிட்டு அதையே சொல்லும்.
மக்ரோனி ஒன்றைக் கடித்தேன்.
நடுவில் நூலளவு பச்சை.
வடி.

கலந்தேன். வெள்ளை வெளேரென்று கிடந்தது.
குனிந்து முகர்ந்தேன்,
ஒரு வாசனையும் எதிர்கொண்டு வரவில்லை.
இப்படி ஒன்றை எப்படி
அழுகிற பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது?

மிளகு எட்டு, சோம்பு ஒரு சிட்டிகை.
நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கருவேப்பிலை.
பிறகு கல்பாசி.
எரிந்த காகிதத் துணுக்குப்போல் இருக்கும்,
சூடு பட்டால்தான் தான் யாரென்று சொல்லும்.
"கேட்டதைச் செஞ்சு குடுக்கணும்,
கேக்காததைச் சேக்கப்படாது" என்றாள் மீனாள்
கதவில் சாய்ந்தபடி.
கேட்காதவன்போல் இரும்புச்சட்டியை மூடினேன்.
மேலே ரஸ்க் தூள். அடியில் தீ
கொஞ்சம் கூடிவிட்டது.

முதல் கரண்டி.
உமையாள் நிறுத்தினாள். நிமிர்ந்தாள்.
ஒன்பது நாளில் முதல்முறை
என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்பச்சி, யாராவது மேக் அண்ட் சீஸ்ல கல்பாசி போடுவாங்களா?
எதையும் அது இருக்கிறபடி விடவே தெரியாதா உங்களுக்கு?"

பதின்மூன்று சொல்.
கணக்கெழுதுகிறவன் எண்ணாமல் இருப்பானா?
அதற்கு மேல் எண்ண முடியவில்லை,
மடை திறந்துவிட்டது.
ஸ்கூல் எடுத்துக்கொடுத்தது நீங்க,
கோர்ஸ் எடுத்துக்கொடுத்தது நீங்க,
ஜாதகத்தை நாலு இடத்துக்கு அனுப்பியது நீங்க,
"ஒண்ணுமே இல்லாத ருசியா
ஒரு தட்டு வேணும்னுதான் கேட்டேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மீனாள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை,
சொன்னேனே என்றும் சொல்லவில்லை.

திட்டிக்கொண்டே தின்றாள்.
சட்டியை இழுத்து வைத்து, அடி பிடித்ததைக்
கரண்டி முனையால் சுரண்டினாள்.
அந்தக் கரகர சத்தத்தில்
விசிறியின் தட்டல் கேட்கவில்லை.

மறுநாள் மிச்சப் பாக்கெட்டை அவளே போட்டாள்.
பால், வெண்ணெய், சீஸ். வேறு எதுவும் இல்லை.
எனக்கும் ஒரு தட்டு வந்தது.
உப்பு உறைப்பு இல்லாமல்
நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.
"நல்லா இருக்கு."
"பொய்" என்றாள்,
மிளகுப்பொடி டப்பாவை
என் பக்கம் தள்ளினாள்.