பின்பக்கம்

முதல் தடவை முப்பத்தொன்று.
இரண்டாம் தடவை இருபத்தொன்பது.
படிக்கப் படிக்கக் குறைகிற பாடம்
உலகத்தில் இது ஒன்றுதான் என்று பஸ்மிலா சிரித்தாள்.
நானும் சிரித்தேன். மறுகா
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
வாளி நிரம்பியது, வழிந்தது.
நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று
மூளை தானாகவே கணக்கெடுத்தது.
அந்தக் கேள்வி வந்திருந்தால்
சரியாக எழுதியிருப்பேன்.

ஒலுவிலில் இரவு பத்துக்குப் பிறகு
கடல்தான் பெரிய சத்தம்.
துறைமுகத்துக்கு வடக்கே
தென்னைகள் வேர் தெரிய நிற்கின்றன.
சில, நிற்கவில்லை.
அலையின் வேகம், மணலின் நகர்வு எல்லாம்
நூலகத்தில் தடித்த புத்தகமாக இருக்கிறது.
தென்னை விழுந்த இடம்
அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.
இரண்டுக்கும் நடுவில்
பரீட்சை மண்டபம்.

உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தவர்கள்
இங்கே ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள் என்று
வந்த வாரம் எனக்கு யாரும் சொல்லவில்லை.
கொக்கட்டிச்சோலையில் சந்தியில்
என் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள்.
கச்சான் காற்றில் அது கிழிந்தபோது
தம்பி வெட்டியெடுத்துக்
கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டானாம்.
கேட்ட அன்று அவமானமாக இருந்தது.
யோசித்தால்,
என் பெறுபேற்றால் இதுவரை பயனடைந்தவை
அந்தக் கோழிகள்தான்.

'பிசுக்குமை' என்று எழுதிப் பழகிய கை
'விஸ்கோசிட்டி' என்று கேட்டதும்
ஒரு நொடி பிந்துகிறது.
அந்த நொடிக்குள் விரிவுரையாளர்
மூன்று வரி எழுதி இரண்டை அழித்துவிடுகிறார்.
ஒன்றரை வருடம் நான் கை உயர்த்தவில்லை.
உயர்த்திய அன்று
முன் வாங்கில் கேகாலை மதுஷங்க
திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.
அவனுக்கும் விளங்காமல் போனது
அதே வரிதான்.

கன்டீன் மூடிய பிறகு அவன்தான் குப்பி வைத்தான்.
சிங்களத்தில் தொடங்கி,
ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்து,
பஸ்மிலா தமிழில் தூக்கி நிறுத்துகிற குப்பி.
இரவில் அவள் சமன்பாட்டை
அறைக் கண்ணாடியில் மார்க்கரால் எழுதிவைப்பாள்.
காலையில் பல் தீட்டும்போது
என் நெற்றிக்குக் குறுக்கே பேர்னூலி.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை.
பசியோடு வகையீட்டுச் சமன்பாட்டில் கை வைக்காதே.
மகாபொல வந்த அன்று கொத்து வாங்கு,
தனியாக மட்டும் தின்னாதே.
பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்து
நான் வாங்கியதுதான் அந்த இருபத்தொன்பது.
விடை சரியா என்று பார்ப்பதற்கு முதல்
குழாய்க்குள் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று
ஒருதரம் கண்ணை மூடிப் பார்.
நான் பார்க்கவில்லை.
என் கணக்கில் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது.

இன்னொன்று.
வீட்டுக்குச் சொல்.
நான் ஏழு மாதம் சொல்லவில்லை.
அழைக்கும்போதெல்லாம் 'படிக்கிறன்' என்றேன்,
அது பொய்யுமில்லை.
கடைசியில் பஸ்ஸுக்குள் வைத்து,
கல்முனை கடக்கும்போது, போனில் சொன்னேன்.
சத்தத்தில் பாதி கேட்காது என்ற தைரியம்.
எல்லாமே கேட்டிருக்கிறது.
அம்மா ஏசவில்லை.
"இவ்வளவு நாளும் தனியாவா புள்ள
இத வச்சிக்கிட்டு இருந்த?"
பக்கத்து இருக்கைக்காரர்
யன்னலைத் திறந்துவிட்டார்.
காற்றுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

முன்பக்கத்தில் இருப்பது என்னை வீழ்த்திய ஆறு கேள்விகள்.
நான்காவதில் ஒரு அலகு பிழை,
அது என் பிழை அல்ல.
இந்தத் தாளை வாசலடிப் போட்டோகொப்பிக் கடையில்
பழைய தாள்களோடு வைத்துவிட்டுப் போகிறேன்.
கடைக்காரர் கேட்காமலே இரண்டு பக்கமும் அடிப்பார்.
மூன்றாம் தடவை, வருகிற புதன், காலை ஒன்பது மணி.
என்ன ஆனதென்று இதில் இருக்காது.
பின்பக்கம் வேண்டாமென்றால்
முதலே சொல்லிவிடு,
காசு மிச்சம்.