முப்பத்தெட்டாவது நிமிடம்

நூற்று முப்பத்தேழு விடைத்தாள்.
நூற்று முப்பத்தாறில்
அந்த லொறி பழசாகப் பழசாக
விலை கூடிக்கொண்டு போகிறது.

நாற்பது இலட்சத்துக்கு வாங்கியது.
வருடத்துக்கு எட்டு இலட்சம் பெறுமானத் தேய்வு.
மூன்றாம் வருட முடிவில்
பதினாறு இருக்க வேண்டிய இடத்தில்
அறுபத்துநாலு இலட்சம்,
நீல மையிலும் கறுப்பு மையிலும்
ஒரே அச்சில் வார்த்த மாதிரி.
பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று
சிவப்புப் பேனையைத் திறந்துவிட்டேன்.

பிறகுதான் ஒரு தாளின் ஓரத்தில்
பென்சில் எழுத்தைக் கண்டேன்:
'மிஸ், வீடியோவில் நீங்க சொன்ன முறை.'

இரவு பதினொன்றரை.
நானே எனக்கு மாணவியாகி
காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன்.

ஊரடங்குக் காலத்துப் பதிவு.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி,
பால்மா டின்னில் சாய்த்துவைத்த போன்.
அதில் நான் கொஞ்சம் மெலிவு.
பின்னால் கலண்டர் ஒரு மாதம் பிந்தித் தொங்குகிறது.
முப்பத்தெட்டாவது நிமிடத்தில்
கடலோர ரயில் வருகிறது.
வாயை மூடி, கையைக் கட்டி,
அளுத்கம போகும் அத்தனை பெட்டிக்கும்
வழிவிட்டு நிற்கிறேன்.
அது போனதும்
'சரி, இப்ப இதைக் கூட்டுங்க பிள்ளைகள்' என்கிறேன்.

கழிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பறை என்றால்
பின்வாங்கில் ஒரு நெற்றி சுருங்கியிருக்கும்.
அந்தச் சுருக்கத்தில்
என் நாக்கு திரும்பியிருக்கும்.
பால்மா டின் என்ன செய்யும், பாவம்.

நான்கு வருடமாக
அந்தக் கேள்வியை நான் பரீட்சையில் கேட்கவும் இல்லை.
155ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில்,
மருதானை ரயில் மேடையில்,
ஒன்றரை மடங்கு வேகத்தில்
அணில் குரலில்
கூட்டச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.
குறிப்பெடுத்துத் தரும் செயலி வேறு
என் பிழையை
ஐந்து வரியில், வரிக்கொரு புள்ளி வைத்து
என்னைவிடத் திருத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறது.

அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன், பிழை என்னுடையதென்று.
ஜெனுஷன் எழும்பினான்:
'இல்ல மிஸ், சரிதானே.
இறக்குமதியை நிப்பாட்டின நேரம்
நம்மட நாட்டில பழைய வாகனத்துக்கு
விலை கூடினதுதானே?'
வகுப்பு சிரித்தது. நானும்.
அண்ணனின் பன்னிரண்டு வயது வேன்
வாங்கிய விலைக்கு மேலே போனதை
நான் அங்கே சொல்லவில்லை.

நூற்று முப்பத்தேழாவது தாள்
மாளிகாவத்தை ஹஸ்மியாவுடையது.
பதினாறு இலட்சம்.
பக்கத்தில் நாலு தரம் வெட்டி
நாலு தரம் எழுதிய கணக்கு.
கூப்பிட்டதும் பயந்துகொண்டே வந்தாள்.

'அன்னக்கி டேட்டா முடிஞ்சிட்டு மிஸ்.
ரயில் வார எடத்துல நின்டுட்டு.
மிச்சத்த நானா யோசிச்சன்.'

மன்னிப்புக் கேட்கிற குரல்.

போன ஞாயிறு புதிதாகப் பதிந்தேன்.
மைக் வாங்கி, ஜன்னலை இறுக்கி,
கழிக்க வேண்டியதைக் கழித்து.
ஆனால் முப்பத்தெட்டில்
'மூன்று நிமிடம், நீங்களே செய்து பாருங்க' என்றுவிட்டு
ரயில் இல்லாமலே
பேசாமல் இருந்தேன்.

'மிஸ், சத்தம் வரேல்ல.'
'மிஸ், வீடியோ இறுகிட்டுது போல.'
'மிஸ், 41இல இருந்து பாத்தாப் போதும், எல்லாருக்கும் சொல்லிட்டேன்.'

எத்தனை பேர் எங்கே பார்த்தார்கள் என்று
கோடு வரைந்து காட்டும் ஒரு பக்கம் இருக்கிறது.
முப்பத்தெட்டில் அந்தக் கோடு
தரையில் விழுந்து கிடக்கிறது.
கிட்டப் போய்ப் பார்த்தால் தரையில் இல்லை,
ஏழு பேர் உயரத்தில்.

பெயர் காட்டாது.
அதில் ஒருவர் போனை வைத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம்.
ஐயக்கடனுக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு
ஆறு என்று பதிந்துகொண்டேன்.