நாற்பது யார்?

கிளைபெடா துறைமுகம். பின்னிரவு இரண்டேகால்.
கோதுமை எடைமேடை
ஒரு லாரிக்கு எடை சொல்கிறது,
அடுத்ததற்கு வாயடைத்துப் போகிறது.
வைடோட்டஸ் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டான்.
சுவிட்சைத் திட்டியும் பார்த்துவிட்டான்.

பிறகுதான் காது கொடுத்தான், கம்பிக்குள்:
"நாற்பது யார்?"
"நான்."
"நான்."
இரண்டு பதில், ஓர் இமைப்பு இடைவெளியில்.

ஒன்று, மேசைக்கடியில் இரையும் இரும்புப் பெட்டி.
மற்றது அதன் வயிற்றுக்குள்
வெள்ளிக்கிழமை அவசரத்தில் அவனே குடிவைத்த
உடம்பில்லாத இயந்திரம்.
வீட்டுக்காரன் பெயரைத் தன் பெயரென்று சொல்லி
வாசலில் நிற்கிறது,
பொய்யென்று அறியாமல்.
எடைச்சீட்டுகள் பாதி அங்கே போய்த் தொலைந்தன.

குடிவந்ததற்கு நூற்று நாற்பது கொடுத்தான்.
பட்டியலில் பென்சிலால் எழுதினான்.
தானாக எண் வழங்கும் பெட்டி
அந்தப் பக்கம் போகாதபடி
வேலியும் போட்டான்.

"நாற்பது யார்?"
"நான்."
அப்புறம் சத்தமில்லை.

வெளியே ஜொவிடா ஹாரன் அடித்தாள்.
இருபத்தாறு புள்ளி நான்கு டன்.
நம்பாமல் லாரியைப் பின்னுக்கு எடுத்து
மறுபடி ஏற்றினாள்.
அதே இருபத்தாறு புள்ளி நான்கு.

"இவ்வளவு நேரம் என்னதான் கோளாறு?"

"கேபிள்," என்றான் வைடோட்டஸ்.