வியாழக்கிழமை ஜீப்

ஜீப் வளைவில் திரும்பும்போதே
லைன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொள்ளும்.
"பைத்தியம் புடிக்கிற வண்டி வருது" என்று
யாரோ ஒரு பொடியன் எங்களுக்கு முன்னால் ஓடுகிறான்.
எட்வின் இப்போதெல்லாம் ஹாரன் அடிப்பதில்லை.
அடித்தால் நாய்களும் ஒளிந்துகொள்கின்றன.
முன்பு வந்த நாய் வண்டிக்கும்
இதே நிறமாம்.

ஊசி இல்லை. கயிறு இல்லை.
ஒரு பதிவேடு, குளிரில் எழுதாத பேனா,
கோத்தகிரியில் வாங்கிய வர்க்கி ஒரு பொட்டலம்,
அதுவும் எனக்கு.

மாத்திரை கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை.
அப்ப நர்ஸா? இல்லை.
அப்ப எதுக்கு வர்றீங்க?
பேச.
பேசறதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது என்று
மேஸ்திரி சிரித்த சிரிப்பில்
கொழுந்து நிறுக்கும் தராசு ஆடியது.
எங்க மாமியாக்காரி ஓசியிலயே பேசுவா, கூட்டிட்டுப் போங்க,
என்றாள் சாக்கைத் தூக்கிய பெண்.

பஸ்ஸில் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்:
"மனசு படிக்கிற மேடம்தானே, நான் என்ன நெனைக்கிறேன் சொல்லுங்க."
சில்லறை தர வேண்டாமென்று நினைக்கிறீர்கள், என்றேன்.
அன்றிலிருந்து அவருக்கு என்மேல் பயம்.

அம்மா போனில் கேட்கிறாள்,
அவங்களோடயே இருந்தா நமக்கும் ஒட்டிக்காதா?
பெண் பார்க்க வந்தவர்களிடம்
ஆஸ்பத்திரியில் வேலை என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு.
போன மாதம் கட்டபெட்டு நிறுத்தத்தில்
பனிமூட்டத்துக்குள் ஒருவர் தனியே பேசிக்கொண்டிருந்தார்.
திட்டினார். கெஞ்சினார். விரல்விட்டு எதையோ எண்ணினார்.
வகுப்பில் பழகிய குரலை எடுத்துக்கொண்டு
மெல்லப் பக்கத்தில் போய் நின்றேன்.
"ஐயா, யார்கிட்ட பேசறீங்க?"
காதிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார் போஜன்.
"மேட்டுப்பாளையம் மண்டி.
கேரட்டு மூட்டைக்கு அவன் போடற வெலையக் கேட்டா
உங்களுக்குப் புடிக்காதா பைத்தியம்?"
அதற்கு என்னிடம் மாத்திரையும் இல்லை
பேச்சும் இல்லை.

பவளக்கொடியின் கதவு ஐந்து வியாழன் திறக்கவில்லை.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேனாம்.
தூங்காத தாய்க்குப் பிள்ளை எதற்கு என்று
நான் எழுதிக் கொடுத்தால் போதுமாம்.
யார் சொன்னது? எல்லாரும்.
கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
முறத்தில் கிடந்த பீன்ஸுக்கு நாரெடுத்தேன்.
உத்தி எதுவும் இல்லை. கை குளிர்ந்தது, அவ்வளவுதான்.

ஆறாவது வியாழன்
கதவுக்கு அடியில் ஒரு காகிதம் வந்தது.
மாமியாருக்கு முதியோர் பென்ஷன் மனு.
நான் அந்த ஆபீஸ் இல்லையே என்று சொல்ல வாயெடுத்து,
பேனாவை எடுத்தேன்.
உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி
பெயர் எழுதினேன். வயது எழுதினேன்.
"பொறந்த ஊரு?"
"பண்டாரவளை" என்றது உள்ளேயிருந்து குரல்.
கைரேகை வைக்கும் இடத்துக்கு வருமுன்
அதே குரல், தாழ்ந்து:
"மேடம், புள்ள அழுதா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது.
கல்லு மாதிரி பாத்துட்டு நிக்கிறேன்.
இத எந்த எடத்துல எழுதுவீங்க?"

எங்கும் எழுதவில்லை.
முறத்தை நகர்த்தி இடம் விட்டேன்.
தாழ்ப்பாள் வெகுநேரம் யோசித்தது.

அந்த வாரப் பதிவேட்டில்
செய்த பணி என்ற கட்டத்தில்
மனு ஒன்று என்றுதான் இருக்கிறது.

அடுத்த வியாழன் வளைவு திரும்பினோம்.
ஒரு கதவும் சாத்தவில்லை.
வாசலுக்கு வாசல் கையில் காகிதத்தோடு நின்றார்கள்.
"பென்ஷன் வண்டி வருது" என்று
அதே பொடியன் முன்னால் ஓடினான்.
எட்வின் என்னைப் பார்த்தார். சொல்லிடலாமா மேடம்?
மெல்லப் போங்க, என்றேன்.
ஹாரன் அடித்தார்.